அமெச்சூரில் 2ஆம் இடம், ஆனாலும் தரவரிசையில் கீழே ஏன்?

ஸ்லாலம் ஸ்கேட்போர்டிங்கில் (கூம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் பந்தயம்) அமெச்சூர் பிரிவில் 2ஆம் இடம் பிடித்தும் தரவரிசையில் ஏன் கீழே இருக்கிறோம் என்று கேட்கிறீர்கள். உங்கள் நேரம் சில புரோக்களைவிட (தொழில்முறை வீரர்களைவிட) வேகமாக இருந்தாலும் தரவரிசை ஏறாது. புள்ளிகள் கிடைப்பது நேரத்துக்கு அல்ல, உங்கள் பிரிவில் பிடித்த இடத்துக்கும் அந்தப் பந்தயத்தின் தகுதிநிலைக்கும்தான். சர்வதேச ஸ்லாலம் ஸ்கேட்போர்டிங் சங்கம் பந்தயங்களுக்குத் தகுதிநிலை வைத்திருக்கிறது. சிறிய பந்தயத்தில் அமெச்சூர் 2ஆம் இடம் என்றால் புள்ளி குறைவாகத்தான் வரும். உங்கள் விஷயத்தில் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முடிவுப் பட்டியலை எடுத்து இவற்றைப் பாருங்கள்:

1. உங்கள் பெயர் எந்தப் போட்டி வகையில் இருக்கிறது? டைட் (கூம்புகள் நெருக்கமாக), ஹைப்ரிட் (நடுத்தர இடைவெளி), ஜயன்ட் (அதிக இடைவெளி) மூன்றும் தனித்தனியாகக் கணக்கிடப்படும்.

2. கூம்பைத் தட்டியதற்கான நேரத் தண்டனை சேர்ந்திருக்கிறதா? பொதுவாக ஒரு கூம்புக்கு 0.1 நொடி. கூம்பு நகர்ந்தும் அதைச் சுற்றி வரைந்த சாக்பீஸ் வட்டத்தைத் தொட்டபடி நின்றால் தண்டனை இல்லை. சாய்ந்தாலோ முழுதாக வெளியே போனாலோ உண்டு. 5 கூம்பு விழுந்தால் அரை நொடி போச்சு, இருவர் அருகருகே போட்டியிடும் ஓட்டத்தில் அது பெரிய தூரம்.

தண்டனை அளவும் பிரிவு பிரிக்கும் முறையும் பந்தயத்துக்குப் பந்தயம் மாறலாம். புகார் எழுதும் முன் அந்தப் பந்தயத்தின் விதித்தாளை ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த வேகம் உங்களிடம் இருக்கிறது, அடுத்த முறை பெரிய பந்தயத்தில் இறங்குங்கள்.