அப்பாவின் வால்வு ரேடியோ: ரிட்டையர்மென்ட் வரை காத்திருக்கலாமா?

அப்பாவோட வால்வு ரேடியோ (கண்ணாடிக் குழாய் வச்ச பழைய ரேடியோ) பத்து வருஷமா பழுது பார்க்காம பரண்லயே கிடக்கு, இப்ப பைபாஸ் ஆபரேஷனும் ஆயிடுச்சு, ரிட்டையர் ஆனப்புறம் பார்த்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. காத்திருக்காதீங்க சார். பைபாஸுக்கு அப்புறம் டாக்டர் சின்ன வேலைகளுக்குச் சரின்னு சொல்லிட்டார்னா, இந்த ஞாயித்துக்கிழமையே பரண்லேருந்து இறக்கி பின் அட்டையைக் கழட்டுங்க.

பத்து வருஷமா தள்ளிப்போனதுக்கு நேரமில்லாதது காரணம்னு தோணலை. கேபினெட் பாலிஷ், டயல் கண்ணாடி, ஸ்பீக்கர் துணி எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்கப் பார்க்கிறீங்க. பாலிஷ் கிடக்கட்டும், முதல்ல பாட்டு வரட்டும்.

ப்ளக் சொருகாம, எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள்ல (கரண்ட்டைச் சேமிச்சு வைக்கிற உருளை மாதிரி பாகங்கள்) எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட், வோல்ட் அளவைக் குறிச்சுக்கோங்க. பெரும்பாலும் காய்ஞ்சிருக்கும், மாத்தணும். அப்புறம் 60 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல, அதாவது கரண்ட் பல்பு வழியாவே ரேடியோவுக்குப் போற மாதிரி போட்டு, கரண்ட் கொடுங்க. பல்பு மங்காம பிரகாசமாவே எரிஞ்சா உள்ளே ஷார்ட், நிறுத்திடுங்க.

ஆஃப் பண்ணின பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்ல (கரண்ட்டைச் சீராக்குற பெரிய கப்பாசிட்டர்) 200 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்னா சேசிஸே (உள்ளே இருக்கிற உலோகச் சட்டம்) ஷாக் அடிக்கும். அதனால கரண்ட் கொடுக்கிற கட்டத்துக்கு மட்டும் பழைய மெக்கானிக் யாரையாவது பக்கத்துல வச்சுக்கோங்க.