நானோ மருந்து வர்ற வரைக்கும் இன்ஹேலரை நிறுத்தி வைக்கலாமா?

தம்பி, மருந்தை கண்ணுக்கு தெரியாத நுண்துகள்ல அடைச்சு குடுக்கிற நானோ மருந்து எங்க கிடைக்கும், என்ன விலைன்னு ஒரு பக்கத்துக்கு கேட்டிருக்கீங்க, ஆனா நான் பதறினது நீங்க கடைசியில போற போக்குல எழுதின வரியை படிச்சுதான். அம்மா இப்பல்லாம் உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாங்க, ராத்திரியில மட்டும் ஆறு ஏழு தடவ சால்பூட்டமால் பம்ப் அடிக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. பன்னெண்டு வருஷ ஆஸ்துமாவுக்கு தினமும் அடிச்சிட்டிருந்த ஸ்டீராய்டு இன்ஹேலரை நானோ மருந்து பத்தின ஒரு வீடியோ பார்த்துட்டு மூணு வாரம் முன்னாடி நிறுத்திட்டீங்க, இப்ப நடக்கிறது அதோட விளைவுதான்.

இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. சால்பூட்டமால் சுருங்கின மூச்சுக்குழாயை கொஞ்ச நேரத்துக்கு விரிச்சு விடும், அவ்வளவுதான், உள்ள இருக்கிற வீக்கத்தை அது தொடாது. அடிச்சு நாலு மணி நேரம் கூட தாங்கலைன்னா வீக்கம் ஏறிட்டே போகுதுன்னு அர்த்தம். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல முடிக்க முடியல, கழுத்துக்குழி உள்ள இழுக்குது, உதடு நீலம் பாயுதுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிமிர்த்தி உக்கார வெச்சு, ஸ்பேசர்ங்கிற, இன்ஹேலரோட மாட்டுற குழாய் வழியா சால்பூட்டமாலை ஒவ்வொரு பஃப்பா பத்து வரைக்கும் குடுக்கலாம். இன்னொன்னு, இதுல நிறைய வீட்டுல ஏமாந்து போறாங்க: மூச்சு வாங்கிட்டே இருக்கும்போது மூச்சோட வர்ற விசில் சத்தம் மட்டும் திடீர்னு நின்னா அது குணம் இல்ல, விசில் அடிக்கிற அளவுக்கு கூட காத்து உள்ள போகலைன்னு அர்த்தம்.

நானோ மருந்து பொய்யான்னா பொய் இல்ல. அமிகாசின்ங்கிற ஆன்டிபயாடிக்கை கொழுப்பால ஆன நுண்ணிய குமிழிக்குள்ள அடைச்சு நெபுலைசர்ல இழுக்கிற மருந்துக்கு 2018ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, ஆனா அது நுரையீரல்ல எம்.ஏ.சி.ன்னு ஒரு கிருமித்தொற்று வந்து ஆறு மாசம் கூட்டு மருந்து எடுத்தும் சளியில கிருமி போகாதவங்களுக்கு. அதுவே சில பேருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிடும்னு எச்சரிக்கையோடதான் வருது. ஆல்புமின் புரதத்தோட நானோ அளவுல சேர்த்த பாக்லிடாக்சல்ங்கிற மருந்தை 2012ல இருந்து ஒருவகை நுரையீரல் புத்துநோய்க்கு குடுக்கிறாங்க, அது நரம்புல ஏத்துறது. வீடியோவுல சொல்ற 'வீக்கம் இருக்கிற இடத்தை தானே கண்டுபிடிச்சு அங்க மட்டும் மருந்தை விடுற' ஸ்மார்ட் துகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துலயும் எலியிலயும்தான் இருக்கு. சளிப்படலத்தை தாண்டணும், காத்தறையில காவல் இருக்கிற செல்லுங்க முழுங்காம தப்பிக்கணும், சாமானியமான வேலை இல்ல. ஆஸ்துமாவை ஒரே இழுப்புல கரைக்கிற நானோ மருந்துன்னு இன்னைக்கு எந்த கடையிலயும் கிடையாது.

மருந்து நேரா நுரையீரலுக்கே போகணும்னுதானே ஆசைப்படுறீங்க? நீங்க நிறுத்தி வெச்ச இன்ஹேலர் அதைத்தான் செய்யுது. சால்பூட்டமால் மாத்திரை ஒன்னு 4 மில்லிகிராம், ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதாவது நாப்பதுல ஒரு பங்கு. 1ல இருந்து 5 மைக்ரான் அளவு துளிகள்தான் ஆழமா உள்ள இறங்கும், அதைவிட பெருசு தொண்டையிலயே ஒட்டிக்கும், இன்ஹேலரை டிசைன் பண்றதே அதுக்காகத்தான்.

இன்ஹேலர் பழக்கமாயிடுமா? ஆகாது. ஸ்டீராய்டு இழுத்ததும் வாயை கொப்பளிச்சு துப்பச் சொல்லுங்க, வாய்ப்புண் வர்ற வாய்ப்பு குறையும். நானோ துகள் மூளைக்கு போகுமாங்கிற பயம் எடுக்காத மருந்துக்கான பயம், விடுங்க.

ஆனா ஆன்லைன்ல வாங்கின அந்த 'நானோ மஞ்சள் சொட்டை' நெபுலைசர்ல ஊத்தலாமான்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுக்கு எனக்கு கோவமே வருது. கூடவே கூடாது! எண்ணெய் கலந்தது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அங்கயே தங்கி நிமோனியா ஆக்கிடும், வயித்துக்கு போற பொருளையெல்லாம் மூச்சுல இழுக்க முடியாது.

போகும்போது ரெண்டு இன்ஹேலரையும் எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட நிறுத்தின தேதியை மறைக்காம சொல்லுங்க. மூச்சு சீரானதும் அம்மாவை அவர் முன்னாடியே ஒருதடவ இழுத்து காட்டச் சொல்லுங்க, பன்னெண்டு வருஷமா அடிக்கிறவங்ககூட அமுக்குறதும் இழுக்குறதும் சேராம பாதி மருந்தை தொண்டையிலயே விடுறதை நான் தினமும் பார்க்கிறேன்.