ஹால்ஸ்டாட்டில் எதை வைத்துப் பிழைத்தார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முனிக்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா வந்திருந்ததால் அவரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு காரில் வியன்னா கிளம்பினோம். வழியில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் இரண்டு மணி நேரம் நின்றோம். ஏரி, மலை, மரவீடுகள் எல்லாம் படத்தில் பார்த்தபடியே இருந்தன. ஆனால் படமெடுக்கும் இடத்தில் கால் வைக்க முடியாத கூட்டம். பையன் கத்திக்கொண்டு ஓடினான். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பாட்டி அதட்டினார். மனைவிக்கு முகம் வாடிவிட்டது. அப்பா மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வயல் இல்ல, தோப்பு இல்ல. எத வச்சுப்பா இங்க பொழச்சாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பார்க்க அழகாக இருப்பதைத் தவிர அந்த ஊரில் ஏதாவது இருக்கிறதா? இன்னொரு முறை போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அங்கே கேட்க வேண்டிய கேள்வியை அப்பா கேட்டிருக்கிறார். பதில், உப்பு. ஊருக்கு மேலே மலைக்குள் இருக்கும் பாறை உப்பை மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எடுக்கிறார்கள். குளிர்காலத்துக்கு இறைச்சியைக் கெடாமல் வைக்க வேண்டிய நாடுகளில் உப்பு கிட்டத்தட்டக் காசு மாதிரி. சுரங்கத்துக்குள் 2003இல் ஒரு மரப்படிக்கட்டு கிடைத்தது. கி.மு. 1344இல் வெட்டிய மரங்களால் செய்தது. ஏறி இறங்கிய தேய்மானத்தோடு உப்பு அதை அப்படியே வைத்திருந்தது.

1846இல் சுரங்க அதிகாரி ராம்சாவர் மலைப் பள்ளத்தாக்கில் பழைய கல்லறைகளைத் தோண்ட ஆரம்பித்தார். 1863 வரை ஏறக்குறைய 980 கல்லறைகள். புதையல் வேட்டையாக விடாமல், ஒவ்வொன்றிலும் உடல் எப்படிக் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று குறித்து, வண்ணத்தில் வரைந்தும் வைக்கச் செய்தார். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். வாள்பிடிகளில் ஆப்பிரிக்கத் தந்தமும் பால்டிக் கடலோரத்து அம்பரும் (கல்லாக இறுகிய மரப்பிசின்) இருந்தன. உப்பு போன வழியில் திரும்பி வந்த செல்வம் அது. ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கே இன்று இந்தச் சின்ன ஊரின் பெயர்தான்.

ஆனால் அந்தச் செல்வத்தைச் சுமந்த கழுத்துகளை மறக்க முடியவில்லை. அந்தக் கல்லறைகளில் இருந்த குழந்தைகளின் கழுத்தெலும்புகளிலும் சுமை தூக்கிய தேய்மானம் இருக்கிறது. உங்கள் குழந்தைகளுக்குப் புரிகிற வயதென்றால் இதைச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குச் சொல்ல இன்னொன்று. அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்பதும் தெரியும். சுரங்கத்தில் உப்பு காத்து வைத்த மலத்தை ஆராய்ந்து, சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி தின்று பீர் குடித்ததை 2021இல் வெளியிட்டார்கள். அதோடு பார்லி, தினை, மொச்சை. பசியாறிக்கொண்டு உழைத்த ஜனம்.

சரி, வயல் ஏன் இல்லை? மலை நேராக ஏரிக்குள் இறங்குகிறது. இடைப்பட்ட துண்டு நிலத்தில் வீடுகளே ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிற்கின்றன. பழமரத்தைக்கூட வீட்டுச் சுவரோடு ஒட்டித் தட்டையாகப் படரவிட்டிருப்பார்கள், கவனித்தீர்களா? 1890 வரை ஏரியோரமாகச் சாலை கிடையாது. படகு, இல்லாவிட்டால் மலைப்பாதை. நிலம் இல்லாததால் செத்தவர்களுக்கும் இடம் தட்டுப்பாடு. பத்துப் பதினைந்து வருடத்தில் குழியைத் திறந்து, மண்டையோட்டை எடுத்து, வெயிலிலும் நிலவிலும் காயவைத்து, நெற்றியில் பெயர் எழுதி, பூவோ இலையோ வரைந்து வைத்தார்கள். கத்தோலிக்கக் கோயில் பின்னாலுள்ள சிறு அறையில் 1200க்கு மேல் மண்டையோடுகள். அவற்றில் பாதியில் இந்த ஓவியம். நான் அங்கே நெடுநேரம் நின்றது ஒரு மண்டையோட்டின் முன்னால். கறுத்த பச்சையில் ஐவிக் கொடியின் இலைகள் சுற்றி வர, நடுவே பெயர், பழைய ஜெர்மன் எழுத்தில். நரம்பு நரம்பாக இலை வரைந்த கை நிதானமான கை. பயமுறுத்தும் அறை இல்லை அது. ஒரு குடும்பம் தன் ஆளை அடையாளத்தோடு வைத்துக்கொண்ட இடம். உங்கள் இரண்டு மணி நேரத்தில் கால்மணியை அங்கே கொடுத்திருக்கலாம்.

இன்னும் ஒன்று. பின்னாளில் மலைக்குள் உப்பை நீரில் கரைத்து எடுத்தார்கள். அந்த உப்புநீரைக் காய்ச்ச விறகு வேண்டும். பக்கத்துக் காடு போதாமல் போகவே, 1607இல் விறகு கிடைக்கும் எபென்ஸே ஊர் வரை சுமார் 40 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு முடித்தார்கள். பதின்மூன்றாயிரம் மரங்களைக் குடைந்து ஒன்றோடொன்று பொருத்திய குழாய். உப்புநீர் இன்றும் எபென்ஸேவுக்குப் போகிறது, மரக்குழாயில் இல்லை என்பதுதான் வித்தியாசம். அந்த வழி நடைபாதையாக இருக்கிறது, அப்பாவால் முடிந்த தூரம் நடக்கலாம்.

பாட்டி அதட்டியதை மனதில் வைக்காதீர்கள். எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊருக்குச் சில நாட்களில் பத்தாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். 2023 மே மாதம் அந்தப் படமெடுக்கும் இடத்தை மரவேலி போட்டு மறைத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அதே ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே கேமராதான் என்றால் யாருக்கும் பொறுமை போகும். என் அனுதாபம் முழுக்க அவர்கள் பக்கம்.

கட்டாயம் மறுபடி போங்கள். ஆனால் வழியில் நிறுத்தும் இடமாக வேண்டாம். ஹால்ஸ்டாட்டிலோ ஏரிக்கோடியில் உள்ள ஓபர்ட்ராவுனிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். பேருந்துகள் வருவதற்கு முன் ஊரைச் சுற்றிவிட்டு, கூட்டம் சேரும்போது மேலே ஏறிவிடலாம். சுரங்கத்துக்குள் தொழிலாளிகள் இறங்கிய மரச்சறுக்கில் பையன் வேண்டிய மட்டும் கத்தலாம், யாரும் அதட்ட மாட்டார்கள். சுரங்கம் திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படிக்கட்டும் அங்கேதான் இருக்கிறது.