டிவியில் சமமாகத் தெரியும் அகஸ்டா கோல்ஃப் மைதானம் உண்மையில் அவ்வளவு மேடு பள்ளமா?

ஆமாம். கேமரா சரிவைத் தட்டையாக்கிவிடுகிறது, அதனால்தான் டிவியில் தெரிவதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் முன்பு நாற்றுப்பண்ணையாக இருந்த நிலம் இது. கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸும் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்ஸியும் 1930களின் தொடக்கத்தில் வடிவமைத்தபோது, பெரும்பாலும் நிலத்தின் சரிவையே ஆட்டமாக மாற்றினார்கள்.

10ஆவது குழியைப் பாருங்கள். தொடங்கும் இடத்திலிருந்து கிரீன் (குழி இருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு) வரை சுமார் 100 அடி இறக்கம்! பந்து இடப்பக்கச் சரிவைப் பிடித்தால் தானாக உருண்டு வெகுதூரம் போகும். வலப்பக்கம் தங்கினால், அடுத்து பந்தை ரொம்ப தூரம் அடிக்க வேண்டியிருக்கும்.

13ஆவது குழியில் வேறு தொல்லை. சரிவில் பந்து நம் பாதத்தைவிட உயரமாக நிற்கும். வலக்கை ஆட்டக்காரர் அடித்தால் இடப்பக்கம் வளையப் பார்க்கும். கிரீனுக்கு முன்னால் ஓடை வேறு. தாண்டி அடிப்பதா, சரி போகட்டும் என்று முன்னாலேயே நிறுத்துவதா? மைதானத்திலேயே அழகான கேள்வி இதுதான் என்பேன்.

மெக்கன்ஸி அடிப்படையில் மருத்துவர். போரில் பதுங்குகுழிகளை மறைக்கும் உத்தியைக் கற்றவர். கண்ணை ஏமாற்றும் மேடுகள் அங்கிருந்து வந்தவைதான். இந்த மைதானத்தின் முதல் பெரிய போட்டி 1934 மார்ச்சில் நடந்தது. அதைப் பார்க்காமலேயே அந்த ஜனவரியில் இறந்துவிட்டார்.