கப்பம் கட்டினார்களா, கப்பல் கட்டினார்களா?

கேள்வி: பிறந்து இருபது வயதுகூட ஆகாத அமெரிக்கா, கப்பற்படை அமைக்கக் கிளம்பியது கடல் வாணிபத்தைக் காப்பாற்றவா, ராஜதந்திரத்துக்குப் பக்கபலமாகவா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: 'கப்பற்படை' என்று எழுதிவிட்டீர்கள். இனி உங்களுக்காக நான்தான் அடி வாங்க வேண்டும். 'கடற்படை'தான் சரி என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆறு வருஷமாக எனக்கு அஞ்சலட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். தரையில் நிற்பது தரைப்படை, கடலில் நிற்பது கடற்படையாம். குதிரையில் போனால் மட்டும் ஏன் ஐயா குதிரைப்படை என்று கேட்டு எழுதினேன். அதற்கு வந்த அட்டையை இங்கே அச்சிட முடியாது.

எனக்குக் கப்பலோடு வேறொரு பழைய கணக்கு உண்டு. ஒரு வார இதழில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில், 'மன்னர் கப்பம் கட்டினார்' என்ற வரி 'மன்னர் கப்பல் கட்டினார்' என்று அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. ஒரே எழுத்து. கட்டுவது என்னவோ இரண்டையும்தான், அதனால் கண்ணுக்கு உறுத்தவில்லை. ஆசிரியர் அறைக்குள் கூப்பிட்டார், அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அமெரிக்க சரித்திரம் தெரிந்திருந்தால், 'சார், இரண்டும் ஒன்றுதான்' என்று வாதாடியிருப்பேன்.

பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்தவரை அமெரிக்கச் சரக்குக் கப்பலுக்கு பிரிட்டிஷ் கொடி காவல். சுதந்திரம் வந்தது, காவல் போனது. கையிலிருந்த கடைசிப் போர்க்கப்பலையும், 'அலையன்ஸ்' அதன் பெயர், 1785இல் காசுக்கு விற்றார்கள். அதே ஆண்டு, வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து 21 பேரைக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். லண்டனில் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸும் பாரிஸில் இருந்த ஜெஃபர்சனும் 1786இல் இதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆடம்ஸ் 'கப்பம்' கட்சி: சண்டையை விட அதுதான் மலிவு என்றார். ஜெஃபர்சன் 'கப்பல்' கட்சி. கஜானாவில் இரண்டுக்குமே காசில்லை.

1793இல் போர்ச்சுகல் அல்ஜியர்ஸோடு சமாதானமாகிவிட, மத்தியதரைக் கடலின் ஜிப்ரால்டர் வாசலை மறித்து நின்ற போர்ச்சுகீசியக் காவல் விலகியது. வெளியே வந்த அல்ஜியர்ஸ்காரர்கள் 11 அமெரிக்கக் கப்பல்களை அள்ளினார்கள். மறு ஆண்டு மார்ச்சில், ஆறு போர்க்கப்பல் கட்டச் சட்டம் வந்தது. ஆக, உங்கள் கேள்விக்கு விடை: வாணிபத்துக்குத்தான். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வாசகம் செருகியிருந்தது. அல்ஜியர்ஸோடு சமாதானம் வந்தால் கட்டுமானத்தை நிறுத்திவிட வேண்டும். மழை விட்டால் குடையைப் பாதித் தையலில் விட்டுவிடு என்கிற கதை. 1795இல் சமாதானம் வந்தேவிட்டது. பிறகு கெஞ்சிக் கூத்தாடித்தான் மூன்று கப்பலையாவது முடித்தார்கள்.

அந்தச் சமாதானத்தின் விலை 6,42,500 டாலர். அது போக வருஷா வருஷம் கப்பம். கப்பமாக எதைக் கேட்டார்கள் தெரியுமா? பாய்மரம், கயிறு, பலகை, வெடிமருந்து. கன்னம் வைக்க வருகிறவனுக்குக் கன்னக்கோலும் நாமே வாங்கிக் கொடுப்பது! அதுவும் போதாமல் 36 பீரங்கியோடு 'கிரசென்ட்' என்று ஒரு முழுப் போர்க்கப்பலையே கட்டி 1798இல் அனுப்பிவைத்தார்கள். லஞ்சம் கேட்ட பிரான்ஸை நினைத்து, 'பாதுகாப்புக்குக் கோடிகள், கப்பத்துக்கு ஒரு சென்ட்கூட இல்லை' என்று பிலடெல்பியா விருந்தில் கோப்பையை உயர்த்தி முழங்கியதும் அதே 1798இல்தான். கப்பமாகக் கப்பல் போனபோது என் ஆசிரியரை நினைத்துக்கொண்டேன்.

இனி ராஜதந்திரம். 1800இல் 'ஜார்ஜ் வாஷிங்டன்' என்ற போர்க்கப்பலில் கப்பத்தை ஏற்றிக்கொண்டு அல்ஜியர்ஸ் போனார் கேப்டன் பெயின்பிரிட்ஜ். அந்த ஊரை ஆண்டவரின் பட்டம் 'டே'. நான் மரியாதையில்லாமல் எழுதுவதாக யாரும் அட்டை போட வேண்டாம், பட்டமே அதுதான். கோட்டை பீரங்கிகளுக்கு நேர் கீழே நங்கூரம் பாய்ச்சியிருந்த கேப்டனை அவர் கூப்பிட்டு, 'என் தூதரையும் துருக்கி சுல்தானுக்கு நான் அனுப்பும் பரிசுகளையும் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இறக்கிவிட்டு வா' என்றார். மறுத்தால் கப்பலும் போகும், ஆளும் போவார்கள். 'எனக்குக் கப்பம் கட்டுகிறாய் என்றால் நீ என் அடிமைதானே' என்று விளக்கமும் கொடுத்தார். கொடிமரத்தில் அல்ஜியர்ஸ் கொடி ஏறியது.

பரிசுப் பட்டியலைப் பாருங்கள்: 150 செம்மறி, 25 மாடு, 4 குதிரை, 4 சிங்கம், 4 புலி, 4 மான், 12 கிளி. (அல்ஜியர்ஸில் ஏது புலி? சிறுத்தையாக இருக்கலாம், எழுதினவரின் பிழை திருத்துநர் லீவில் இருந்திருப்பார்.) நம் திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்துக்கு 15 ஆடு, 3 புலி போதும். இவருக்கு அதைப் போலப் பத்து மடங்கு ஆடு, தளம் முழுக்க. கூடவே தூதர் பரிவாரம் நூறு பேர், பரிசாகப் போகும் அடிமைகள் நூறு பேர். அவர்களைப் பட்டியலில் கிளிகளோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதையும் படித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

தொழுகை நேரத்தில் மெக்கா எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல, திசைகாட்டியின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். எதிர்காற்றில் பாய்மரக் கப்பல் நேராகப் போகாது, இப்படி ஒரு வெட்டு அப்படி ஒரு வெட்டு என்றுதான் போகும். கப்பல் திரும்பினால் திசைகாட்டி ஆள் கத்துவார், தொழுகிறவர்கள் திரும்புவார்கள். ஆடுகள் என்ன செய்தன என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

கான்ஸ்டான்டிநோபிள் துறைமுகத்தில், 'எந்த நாட்டுக் கப்பல்?' என்றார்கள். 'யுனைடெட் ஸ்டேட்ஸ்.' அப்படி ஒரு நாடே அவர்களுக்குத் தெரியாது. கொலம்பஸ் கண்டுபிடித்த புது உலகம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஆனால் துருக்கியக் கடற்படைத் தலைவருக்குக் கேப்டனைப் பிடித்துவிட்டது. பாதுகாப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். டே, சுல்தானுக்கு அடங்கியவர்தானே. அதைக் கொண்டுவந்து நீட்டியதும் அவர் குரல் இறங்கியது. ஆக, ராஜதந்திரத்துக்கு என்று திட்டமிட்டு யாரும் கப்பல் அனுப்பவில்லை. சிங்கத்துக்குத் தீனி போட்டுக்கொண்டு போன கப்பல்தான் அங்கே முதலில் கொடி காட்டியது. முறையான ஒப்பந்தத்துக்கு 1830 வரை ஆயிற்று.

அதே கரையில் கப்பம் கேட்ட இன்னொரு ஊரான திரிபோலியோடு நடந்த சண்டையைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் முடிவிலும், 1805இல், கைதிகளை மீட்க 60,000 டாலர் கொடுத்தார்கள் என்பது மட்டும் பாடத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஜெயித்தும் கட்டினார்கள்.

அந்தக் கைதிகளில் நம் பெயின்பிரிட்ஜும் ஒருவர். மனுஷன் ராசி அப்படி. 1798இல் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு கப்பலைப் பறிகொடுத்தார். 1803இல் 'பிலடெல்பியா'வைத் திரிபோலி பாறையில் ஏற்றி 307 பேரோடு சிறைக்குப் போனார். அவருக்கும் ஒரு நாள் வந்தது. 1812 டிசம்பரில், சட்டம் போட்டுக் கட்டிய அந்த ஆறில் ஒன்றான 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலில் நின்று, பிரேசில் கரையோரம் பிரிட்டிஷாரின் 'ஜாவா'வை அடித்து நொறுக்கினார். தன் கப்பலின் சுக்கான் சக்கரம் குண்டில் போய்விட்டதால், ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டார். ஜாவாவில் பயணியாக அகப்பட்டவர் பம்பாயில் பதவி ஏற்கப் போய்க்கொண்டிருந்த ஜெனரல் ஹிஸ்லாப். விடுதலையாகி, பிறகு நம் மெட்ராஸ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக வந்து சேர்ந்தார். அவரிடம் 'கப்பற்படையா, கடற்படையா' என்று யாராவது கேட்டிருக்கலாம். இரண்டையும் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தவர்.