சமையல் மேடைக்கு எந்தக் கல்?

கேள்வி: சமையலறையைப் புதுப்பித்து வருகிறோம். டைல்ஸ் பதித்த பழைய மேடையின் இணைப்புகள் கறுத்துவிட்டதால், அதை எடுத்துவிட்டு ஒரே பலகையாகக் கல் போட நினைக்கிறோம். எனக்கு வெள்ளைப் பளிங்கின் மீது ஆசை. கிரானைட்தான் உழைக்கும் என்கிறார் கணவர். கடைக்காரரோ குவார்ட்ஸ் போடச் சொல்கிறார். அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தை அப்படியே மேடையில் வைப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பாத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பழக்கம் உள்ள வீட்டுக்கு நான் கிரானைட்டைத்தான் சொல்வேன்.

குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது மலையிலிருந்து அறுத்தெடுத்த கல் அன்று. பொடித்த குவார்ட்ஸ் தாதுவை, பொதுவாக எடையில் 90 விழுக்காடு அளவுக்கு எடுத்துக்கொண்டு, ரெசினும் (துகள்களை ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் போன்ற பிசின்) நிறமியும் சேர்த்து அழுத்தி உருவாக்கும் பலகை அது. தாது சூட்டைத் தாங்கும்; ரெசின் தாங்காது. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் ரெசின் நிறம் மாறத் தொடங்கும், சில வேளைகளில் பலகையே விரிசல் விடும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்றாலும், நன்றாகக் காய்ந்த வாணலியின் அடிப்பாகம் 200 டிகிரியைக் கடப்பது சாதாரணம். அப்படி ஒருமுறை விழுந்த மஞ்சள் வட்டம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மற்றபடி குவார்ட்ஸ் நல்ல பொருள்தான்: எண்ணெயை உறிஞ்சாது, நிறம் சீராக இருக்கும், பராமரிப்பும் குறைவு. வீட்டில் எல்லோரும் தவறாமல் பாத்திரத்துக்கு அடியில் மணை வைப்பீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம்.

பளிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் போட்டுவிட்டு வருந்தியவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டில் வெள்ளைப் பளிங்கு போட்ட இரண்டாம் வாரத்தில், எலுமிச்சைச் சாறு வழிந்த டம்ளர் ஒன்று இரவு முழுவதும் மேடையில் இருந்துவிட்டது. காலையில் துடைத்தபோது கறை எதுவும் தெரியவில்லை. ஆனால் சன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, டம்ளரின் அடிவட்டம் பாலிஷ் போய் மங்கலாகத் தெரிந்தது. விரலால் தடவினால் லேசான சொரசொரப்பும் இருந்தது. பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, தக்காளி, வினிகர் போன்றவற்றின் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. அது ஒட்டிய கறை அன்று, கல்லே அரிபட்ட இடம். ஆகவே எந்தச் சோப்பும் அதை நீக்காது, மீண்டும் பாலிஷ் போடுவது ஒன்றே வழி. கல் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சான சீலரைப் பூசினாலும் இந்த அரிப்பு நிற்காது. தவிர, மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் பளிங்கு 3 அளவில்தான் நிற்கிறது. கத்தியின் எஃகு அதைக் கீறிவிடும். குவார்ட்ஸ் தாது அதே அளவுகோலில் 7. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அதைச் சமையல் மேடையில் அல்லாமல் பூஜை அறையிலோ வரவேற்பறையிலோ நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கிரானைட்டுக்கு ஆண்டுதோறும் சீலர் பூச வேண்டும் என்கிறார் ஒருவர், தேவையே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: கல்லைப் பொறுத்து இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மேடையின் மீது ஒரு கரண்டித் தண்ணீரைத் தேங்கவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கருமையாகத் தெரிந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் வேண்டும். நிறம் மாறவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். வெளிர் நிறக் கிரானைட்டுகளில் பல அதிகம் உறிஞ்சுபவை. கறுப்புக் கிரானைட் என்று விற்கப்படும் கற்களில் பல, நிலவியல்படி கிரானைட்டே அல்ல. டோலரைட், கேப்ரோ வகை அடர்ந்த பாறைகள். அவை குறைவாகவே உறிஞ்சும். புதிதாக வாங்குவோர், தாம் எடுக்கப்போகும் பலகையிலிருந்தே ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, தண்ணீர், எண்ணெய், எலுமிச்சைச் சாறு மூன்றையும் ஓரிரவு அதன் மீது விட்டுப் பார்த்த பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.

கேள்வி: கல்லை வீட்டிலேயே வைத்து அறுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். கிரானைட்டிலும், அதைவிட மிகுதியாகக் குவார்ட்ஸ் பலகையிலும் இருக்கும் சிலிக்கா, உலர்வாக அறுக்கும்போது நுண்தூளாகி நுரையீரலில் படிந்து, குணப்படுத்த முடியாத சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். இதில் முதலில் பாதிக்கப்படுபவர் அறுக்கும் தொழிலாளிதான். குவார்ட்ஸ் போன்ற செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்ததற்கும் இந்த நோயே காரணம். சிங்க், அடுப்பு ஆகியவற்றின் அளவுகளைச் சரியாகக் கொடுத்து, பட்டறையிலேயே தண்ணீர் பாய்ச்சி அறுத்து வரச் சொல்லுங்கள். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ எடை வரும். சிங்க்குக்காக வெட்டிய இடத்தின் முன்னும் பின்னும் உள்ள குறுகிய பட்டைகளே எளிதில் உடையும் என்பதால், பலகையைத் தூக்கும்போது அங்கே பிடிக்கக் கூடாது. பொருத்தும்போது அந்தப் பட்டைகளுக்கு அடியில் கட்டாயம் தாங்கல் கொடுக்க வேண்டும்.