‘டிகிரி’ குறிப்பு இரண்டிலும் மாட்டிக்கொண்டவருக்கு

“செய்யுளோடு கரம் சேர்ந்தால் கோணம் அளக்கலாம்” என்ற குறுக்கெழுத்துப் புதிர்க் குறிப்புக்கு இரண்டே கட்டம்தான், ‘டிகிரி’ மூன்றெழுத்து, பொருந்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விடை பாகை. செய்யுள் என்றால் பா, கரம் என்றால் கை. ஒரு முழுவட்டத்துக்கு 360 பாகை என்று கணக்கில் படித்த அதே சொல்தான். நீங்கள் கீழ்நோக்கிப் போட்டிருக்கும் ‘கைதி’ சரியென்றால், இரண்டாம் எழுத்து ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

அடுத்தது, “நூலால் கிடைக்கும், நூலால் பறக்கும் (4).” இது அருமையான குறிப்பு! முதல் நூல் புத்தகம், இரண்டாவது காற்றாடியின் கயிறு. படித்து வாங்கும் டிகிரியும் பட்டம், பறக்கும் காற்றாடியும் பட்டம்; அதையே நிரப்புங்கள். மெய்யெழுத்துக்கும் தனிக்கட்டம் உண்டு என்பதால் ப, ட், ட, ம் நான்கும் சரியாக உட்காரும்.

இனி ‘டிகிரி’ வாடை அடிக்கும் குறிப்பு வந்தால் முதலில் கட்டங்களை எண்ணுங்கள். படிப்பா, கோணமா என்பது அப்புறம் தானே பிடிபடும்.